மிச்சம் ஒன்பது ஊசி

சேர்வராயன் மலையில் இருக்கிற மஞ்சக்குட்டையில் ஐயாக்கண்ணுவைப் பற்றி ஒரு கேலி உண்டு. மகள் தண்ணீர் குடித்தால்தான் அவர் வீட்டில் பொழுது விடியும் என்பார்கள். காலையில் எழுந்ததும் தன் முகத்தைக் கழுவுகிறாரோ இல்லையோ, செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு ஆராயியின் கையில் கொடுத்துவிடுவார். அவள் அண்ணாந்து குடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நிற்பார். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, கடைசி மடக்கும் உள்ளே போன பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார். பொட்டப் பிள்ளைக்கு இப்படிச் செல்லம் கொடுக்கிற மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். சொல்லும்போது தங்கள் வீட்டு ஆம்பிளைகளை ஒரு பார்வை பார்ப்பதும் உண்டு.

செல்லம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தச் செம்பை நீட்டும்போது அவர் பார்ப்பது மகளின் முகத்தை இல்லை, அவள் புறங்கையை. அதை ஒருவரும் கவனித்ததில்லை. பெற்ற தாய் மருதாயிகூடக் கவனித்ததில்லை.

நடந்தது எழுபத்து நாலாம் வருஷம். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து மூன்றாம் நாள். ஆராயிக்கு அப்போது ஏழு வயது. தோட்டத்தில் பலாக்காய் இறக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தூக்குப்போசியில் களி கொண்டுபோனாள். எஸ்டேட் வேலிக்குள்ளிருந்து ஒரு செவலை நாய் வந்தது. குரைக்கவில்லை, துரத்தவில்லை. நேராக வந்து கெண்டைக்காலைக் கவ்வியது, விட்டது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அது யார் வீட்டு நாய், அதன் பிறகு செத்ததா பிழைத்ததா, கடைசிவரை தெரியவில்லை. பிடித்துக் கட்டிப் பத்து நாள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐயாக்கண்ணு அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அரிவாளும் கயிறுமாக எஸ்டேட் முழுக்கத் தேடினார். வால் நுனிகூடக் கண்ணில் படவில்லை.

நாய்க்கடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் பெரியப்பன் மகன் ஒருவன் அப்படிச் செத்ததைப் பார்த்தவர். மாட்டுக் கொட்டாயில் கட்டிப்போட்டிருந்தார்கள். தாகம் தாகம் என்று கேட்பான். தண்ணீரைக் கிட்டே கொண்டுபோனால் கழுத்து வெட்டி இழுத்துக்கொள்ளும், புறங்கையால் செம்பைத் தள்ளிவிடுவான். மூன்று நாள். அந்தப் புறங்கை மட்டும் ஐயாக்கண்ணுவின் கண்ணுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

நாய்க்கடிக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாளைக்கு ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆகும். மருதாயிக்கு வயிற்றில் எட்டு மாசம். அவளை மலைப்பாதை பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆகவே அப்பாதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இங்கேதான் வந்தது வினை. ஐயாக்கண்ணு பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். மிளகு பறிக்கச் சவுக்கு மரத்தின் உச்சிவரை ஏறுவார். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலில் முள் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார். ஆனால் கண்ணாடிக் குழாயின் முனையில் மினுங்கும் டாக்டர் ஊசியைக் கண்டால் போதும், காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்துவிடும். அம்மை குத்த ஆள் வருகிறான் என்றால் காப்பிச் செடிக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வார். கல்யாணம் ஆன பிறகும் பதுங்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் மீசை வைத்த மனுஷன் இதைப் போய் யாரிடம் சொல்வது?

முதல் நாள் ஆஸ்பத்திரியில், "கையையும் காலையும் கெட்டியாப் புடிச்சுக்குங்க, கொழந்த துள்ளப்படாது" என்றார்கள். பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். குழந்தையின் அலறல் காதில் விழுந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும்போது ஆராயி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"அப்பா, நீங்க கண்ண மூடிக்குங்க. முடிஞ்சதும் நானே சொல்றனுங்க."

வயிற்றில் ஊசி வாங்கப் போகிற ஏழு வயதுப் பிள்ளை சொன்ன தேறுதல் அது. அன்று அவள் அழவில்லை. நாலாம் நாளும் அழவில்லை. அப்பா பயப்படுவாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்க்க ஐயாக்கண்ணுவுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாம் நாள், முடிந்துவிட்டது என்று நினைத்து அவசரப்பட்டுக் கண்ணைத் திறந்துவிட்டார். ஊசி இன்னும் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அவ்வளவுதான், அடியோடு சாய்ந்தார். பெஞ்சு முனை நெற்றியைக் கிழித்தது. கண் விழித்தபோது சுற்றிலும் ஒரே கூட்டம். "ஊசி புள்ளைக்கா, அப்பனுக்கா?" என்று யாரோ கேட்க, வரிசை முழுக்கச் சிரித்தது. நெற்றியில் இரண்டு தையல் போட வேண்டும் என்றார்கள். தையலுக்கும் ஊசிதானே. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரத்தம் வழிய வழிய வெளியே ஓடினார்.

ஆறாம் நாள் காலையிலும் பஸ் ஏறினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். போக வேண்டும் என்றுதான் போனார். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் கால் வந்தது. கேட்டைத் தாண்ட மாட்டேன் என்றது. ஒரு அடி வைப்பார், பின்னால் வந்துவிடுவார். அரை மணி நேரம் இந்தக் கூத்து. ஆராயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாங்கப்பா, போயிரலாம்" என்றாள். "நாளைக்குச் சேத்து ரெண்டாப் போட்டுக்கலாங்க."

திரும்பிவிட்டார்கள். மறுநாள் கேட்டு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அதற்கடுத்த நாள் பஸ் ஸ்டாண்டை விட்டே நகரவில்லை. ஒன்பது நாளும் மலை இறங்கினார்கள், மலை ஏறினார்கள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றார்கள். அவளுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ரிப்பன் வாங்கிக் கொடுத்தார். வாழ்நாளில் அப்பா அவளோடு அத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த ஒன்பது நாளில்தான்.

"அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு. யாருகிட்டயும் சொல்லப்படாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஐந்து நாளுக்கு மட்டும் கோடு போட்டிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்து, மேலே வரும்போது பஸ் ஜன்னல் வழியாக வீசினார்.

சாயங்காலம் மருதாயி தேங்காயெண்ணெயைச் சூடு காட்டி மகளின் வயிற்றில் தடவிவிடுவாள். முதல் ஐந்து நாளும் அங்கே நிஜமாகவே வீக்கம் இருந்தது. பிறகு வடிந்துவிட்டது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அம்மாவின் விரல் பட்டதும் ஆராயி, "ஆ, வலிக்குதுங்கம்மா" என்று முகத்தைச் சுளித்தாள். பொய்யாகச் சுளித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐயாக்கண்ணு எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டார். வெகு நேரம் வீட்டுக்கு வரவில்லை.

பதினாலாம் நாள் மருதாயி சேர்வராயனுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தண்ணீர்ச் செம்பு. நாய் விஷம் பன்னிரண்டு வருஷம் உடம்பில் தங்கும், எப்போது வேண்டுமானாலும் ஏறும் என்று அந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐயாக்கண்ணு எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு சேர்வராயன் திருவிழாவும் ஒரு வருஷம். மற்றவர்கள் ராட்டினத்தையும் கடைகளையும் பார்ப்பார்கள். அவர் சாமி முன்னால் நின்று விரலை மடக்குவார். நாலு ஆச்சு. ஏழு ஆச்சு. இன்னும் ஐந்து.

இடையில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மழைக்காலத்தில் மனுஷனுக்குத் தாகம் எடுக்காது. மகளுக்கு எடுக்காத தாகத்துக்கு இவர் வேர்த்துக் கொட்டுவார். சளி பிடித்து அவளுக்குத் தொண்டை கட்டினால் வீட்டில் சோறு இறங்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பகல் முழுக்க அவள் தண்ணீர் குடித்தாளா என்று தெரியாதே. நாய் கடித்த வருஷம் பிறந்த தம்பியைச் சேலம் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார், அவனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால்கூடச் சாவகாசமாகத்தான் போவார். பயம் எல்லாவற்றையும் ஆராயி மேலேயே கொட்டித் தீர்த்துவிட்டார்.

அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு இடம் வந்தது. வேண்டாம் என்றார். பதினெட்டில் இன்னொரு இடம், நல்ல இடம், சொந்தக் காப்பித் தோட்டம். அதுவும் வேண்டாம் என்றார். மருதாயி காரணம் கேட்டுக் கேட்டுச் சலித்தாள்.

"ஊட்டு வேலைக்கு ஆளு வேணும்னு புள்ளையக் கட்டி வெச்சிருக்கீங்களா? ஊருல நொம்பக் கேவலமாப் பேசறாங்க" என்றாள். பேசட்டும் என்று இருந்தார். புருஷன் வீட்டில் போய் விஷம் ஏறினால் கொட்டாயில் கட்டிப் போடுவார்களே, பக்கத்தில் தான் இருக்க மாட்டோமே என்ற ஒரே எண்ணம்தான் அவருக்கு. ஆராயி எதுவும் கேட்கவில்லை. ஏழு வயதில் நடந்தது, பிள்ளை எப்போதோ மறந்திருக்கும் என்று ஐயாக்கண்ணு நினைத்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நிம்மதி.

எண்பத்தாறாம் வருஷத் திருவிழாவோடு பன்னிரண்டு முடிந்தது. சாமி முன்னால் கடைசி விரலையும் மடக்கிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் விசும்பி அழுதார். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் சித்தன் பேச்சு வந்தது. கிளியூர்ப் பையன். டவுன் ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். ஆராயி ஜீப்பில் ஏறினால் முன் சீட்டில் இடம் ஒதுக்கி வைப்பான் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் மனசு இருந்தது. டவுனுக்குப் போக வேலை இல்லாத நாளிலும் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துப் போய் வந்தாள். மருதாயி நடுங்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னபோது, "வரச் சொல்லு, வெத்தல மாத்திக்கலாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மருதாயி நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டாள்.

ஆனி மாசம் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார்கள். சித்தன், அவன் அம்மா அத்தாயி, தாய்மாமன் சென்றாயன், மூன்று பேர்தான். அத்தாயி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புதுச் சேலை எல்லாம் வைத்தாள். பொதுவான பேச்செல்லாம் பேசி முடித்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஆராயி எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். பச்சைக் கண்டாங்கிச் சேலையில், முகம் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அன்று ஒரு நாள்தான் ஐயாக்கண்ணுவும் வேலை மும்முரத்தில் செம்பை மறந்திருந்தார்.

அத்தாயி குடித்துவிட்டுச் செம்பை அவளிடமே நீட்டினாள். "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கற. நீயும் ரெண்டு மடக்குக் குடி கண்ணு."

ஆராயி அண்ணாந்தாள். சித்தன் பார்க்கிறான் என்ற வெட்கம். புரையேறிவிட்டது. இருமினாள், மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, கண் சிவந்தது. "நம்ம பையன்தான் நெனைக்கறான்" என்று அத்தாயி சிரித்துக்கொண்டே அவள் தலையில் தட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். "இன்னொரு மடக்குக் குடி, சரியாப் போயிரும்" என்று மறுபடியும் செம்பைக் கிட்டே கொண்டுபோனாள். ஆராயி இருமலுக்கு நடுவில் வேண்டாம் என்று தலையை ஆட்டி, புறங்கையால் செம்பைத் தள்ளினாள்.

ஐயாக்கண்ணு அந்தப் புறங்கையைப் பார்த்தார்.

எழுந்ததோ பாய்ந்ததோ யாருக்கும் தெரியவில்லை. தட்டு காலில் பட்டு வெற்றிலை சிதறியது. செம்பைப் பிடுங்கி மகளின் வாயருகே கொண்டுபோனார்.

"குடி."

"புரையேறிச்சுங்கப்பா, கொஞ்சம் பொறுத்து..."

"குடி சாமி. குடிச்சுக் காட்டு."

தாடையை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். மூச்சுத் திணறி அவள் தலையைத் திருப்பத் திருப்ப, அவருக்கு வெறி ஏறியது. தண்ணீர் கழுத்திலும் மார்பிலும் கொட்டிச் சேலை நனைந்தது. சென்றாயன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? புள்ளைக்கு எதாச்சும் நோவுங்களா?"

"நோவெல்லாம் இல்லீங்க" என்றார் ஐயாக்கண்ணு. அவருக்கு மூச்சு இரைத்தது. "பன்னண்டு வருசம் தாண்டிருச்சுங்க. இனி ஒண்ணும் வராதுங்க."

பன்னிரண்டு வருஷம் என்று எதற்குக் கணக்கு வைப்பார்கள் என்று அந்த மலையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அத்தாயியின் பார்வை ஆராயியின் கெண்டைக்காலுக்குப் போனது. நாலு பல் பதிந்த தழும்பு அங்கே இருந்தது.

மருதாயி முன்னால் வந்தாள். "ஆமாங்க, சின்னதுல நாயி கடிச்சுதுங்க. அதுக்குப் பதினாலு ஊசியும் போட்டாச்சுங்க. இவருதான் தெனமும் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வந்தாரு." புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க."

ஒரு ஆமாம் போதும். பன்னிரண்டு வருஷமாக வாயைத் திறக்காமலேயே பொய் சொல்லி வந்த மனுஷனுக்கு, வாயைத் திறந்து ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு எழவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் நிஜத்தைச் சொன்னார்.

"அஞ்சு" என்றார். "அஞ்சு ஊசிதான் போட்டுது."

அத்தாயி கெட்டவள் இல்லை. கத்தவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. தரையில் சிதறிய வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். சேலையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சித்தன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "வா" என்று அவன் தோளைத் தொட்டாள். இரண்டாம் தடவை தொட்டபோது எழுந்தான். ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் எஸ்டேட் வளைவு வரைக்கும் கேட்டது.

மருதாயி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஆராயி நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"முன்னால வந்த ரெண்டு எடத்தையும் வேண்டாம்னீங்களே. அது எதுக்குங்க?"

ஐயாக்கண்ணு தலையை நிமிர்த்தவில்லை. அந்தத் தலையே பதில் சொல்லியது.

"பள்ளிக்கூடத்த நிறுத்தினது?"

அதற்கும் அதே தலை.

"இதுக்காங்கப்பா?" என்றாள்.

பிறகு அவள் சொன்னதைக் கேட்கத்தான் அவர் அத்தனை வருஷமும் உயிரோடு இருந்திருக்கிறார் போலிருக்கிறது. "எனக்குப் பதினஞ்சு வயசுல அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனப்போ, டவுன்ல இன்பமேரி நர்சம்மாகிட்டக் கேட்டேனுங்க. எனக்கும் பயந்தான். அதுவரைக்கும் நானும் தெனமும் பயந்துக்கிட்டுத்தான் குடிச்சேன். எட்டு வருசம் ஆச்சுன்னு சொன்னதும் அவுங்க சிரிச்சாங்க. இத்தன வருசம் கழிச்சு ஒண்ணும் வராது, போயி வேலயப் பாரு புள்ளன்னாங்க. அன்னையோட நான் விட்டுட்டேனுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சாமி."

"நீங்க மறந்துட்டீங்க, செம்பு நீட்டறது பழக்கத்துலதான்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினது நீங்கதானுங்களே." நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஊசின்னா பயம்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில சிரிச்சாங்கள்ல. மறுபடியும் உங்கள யாரும் சிரிக்கப்படாதுன்னு இருந்தேனுங்க."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சோறு தின்றுகொண்டு, அவர் மறந்துவிட்டார் என்று அவளும், அவள் மறந்துவிட்டாள் என்று அவரும் இருந்திருக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்திருந்தால் நாலு வருஷத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும். நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வாரமே இன்பமேரியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஐயாக்கண்ணு கிளியூருக்குப் போனார். வீட்டுக்குள் நுழைய அவருக்குத் தைரியம் வரவில்லை. தெருவிலேயே நின்றார். நர்சம்மா பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அத்தாயி உட்கார வைத்துக் காப்பி கொடுத்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"படிச்சவங்க நீங்க சொல்றது சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள் கடைசியில். "ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குதுங்களே. அவ தண்ணி குடிக்கறப்பெல்லாம் நான் பாத்துக்கிட்டே இருப்பேனுங்க. அது அவளுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

தெருவில் நின்ற ஐயாக்கண்ணுவின் காதில் அது தெளிவாக விழுந்தது. அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு என்ன இருந்தது? தான் பன்னிரண்டு வருஷம் செய்ததைத்தான் அவள் செய்ய மாட்டேன் என்கிறாள்.

ஆவணியில் சித்தனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஜீப்பில் ஏறி இறங்குகிறவர்கள் வாய் வழியாகச் சேதி மலை முழுக்கப் பரவியது. அதன் பிறகு ஐயாக்கண்ணு வீட்டுக்குத் தட்டு தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. அதுகூடப் போகட்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஆராயி உட்கார்ந்தால் எதிர்வரிசையில் இருக்கிற பெண்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளுடைய தம்ளரையே பார்த்தார்கள். குழாயடியில் ஒரு கை அள்ளிக் குடித்தால் பேச்சு நின்றது. பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மனுஷன் தனியாகச் சுமந்த பயம், இப்போது ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

ஆராயி பந்திக்குப் போவதை விட்டாள். பிறகு யார் எதிரிலும் தண்ணீர் குடிப்பதை விட்டாள்.

இன்பமேரி சொன்னதை ஐயாக்கண்ணு முழுசாக நம்பினார். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் சந்தேகப்படவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை தானாகப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டது. வேண்டாம், வேண்டாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே கொண்டுபோய் நீட்டினார். ஆராயி முகம் கோணாமல் வாங்கிக்கொண்டாள். அவள் அவரோடு பேசாமல் இருக்கவில்லை. களி கிண்டிப் போட்டாள், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

செம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவாள். சற்று நேரம் கழித்துக் காலிச் செம்போடு வந்து அதை அடுப்படியில் கவிழ்த்து வைப்பாள். ஐயாக்கண்ணு மண்வெட்டியைப் பிடித்தபடி முற்றத்தில் நிற்பார். குடித்தாளா, காப்பிச் செடிக்கு ஊற்றினாளா, அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.